வேண்டாம் என்றால் வாங்கிவிடும் கடை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எந்தப் பொத்தானையும் ஒரே ஒரு முறை அழுத்தத் தெரியாது. இரண்டு தட்டு தட்டுவார். முதல் தட்டு வேலைக்கு, அடுத்த தட்டு சந்தேகத்துக்கு. முதல் தட்டில் விளக்கு எரிய வேண்டும். இரண்டாவது தட்டிலும் அது அசையாமல் எரிந்துகொண்டிருக்க வேண்டும். மினுங்கினால் பின்னால் எங்கோ கம்பி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தொழிலுக்கு வந்த புதிதில், லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி இரும்புத் தண்டுகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்த காலத்திலேயே விரலில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. பிறகு விரல் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டது. அழைப்பு மணிக்கு இரண்டு தட்டு. ரிமோட்டுக்கு இரண்டு தட்டு. சுவிட்சை இரண்டு தட்டு தட்டினால் விளக்கு எரிந்து அணைந்துவிடுமே, அதனால் அதற்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று.

"இந்த வீட்டுல லைட்டு போடறதே போலீஸ் வண்டி வந்த மாதிரி இருக்கும்" என்பாள் மனைவி.

கூட வேலை பார்க்கும் வயர்மேன் அவருக்கு 'ரெண்டு தட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார். போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார். மெக்கானிக் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்பவர் இல்லை. அவருக்குக் கோபம் வரும் இடமே வேறு. பொத்தான்களிடம் விளையாடினால் வரும்.

ஒரு சமயம், ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் முதலாளி லிஃப்டுக்குள் விளம்பரத் திரை ஒன்று மாட்ட ஆசைப்பட்டார். அதற்கு இடம் வேண்டுமென்றால் கதவு திறக்கும் பொத்தானைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். "கொஞ்சம்தானேப்பா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் முதலாளி.

"கைக்குத் தெரியும் சார்" என்றார் மெக்கானிக். "பயந்துபோன நேரத்துல கண்ணு பாக்காது, கைதான் தேடும். கை தேடற இடத்துல நீங்க சோப்பு விளம்பரம் வச்சா என்ன நியாயம்?"

முதலாளி வேறு ஆளை வைத்து வேலையை முடித்துக்கொண்டார். மெக்கானிக்குக்கு அந்தக் கட்டடம் கைவிட்டுப் போனது. அதற்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. "பட்டன்ல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் அது செய்யணும். இல்லன்னா அது பட்டன் இல்ல, புளுகு" என்று அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் முடிப்பார். வயர்மேன் அந்த வரியை அவருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்.

இப்படிப்பட்ட மனுஷரைத்தான் ஒரு பொத்தான் குப்புறத் தள்ளியது.

வீட்டில் டிவிக்குள் ஒரு படக்கடை இருந்தது. கதவு கிடையாது, கல்லா கிடையாது, வா என்று கூப்பிட ஆள் கிடையாது. படமும் பாட்டும் விற்கும் கடை. வெளியூரில் படிக்கும் மகள் லீவுக்கு வந்தபோது கணக்குத் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். டிவியில் பார்க்கலாம், போனிலும் பார்க்கலாம். பணம் மனைவியின் அட்டையிலிருந்து போகும். மருந்துக் கடையில் அவள் காலையிலிருந்து நின்றபடி வாங்கும் சம்பளம் அந்த அட்டையில்தான் விழும். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யாருக்கு எது பிடித்தாலும் முதலில் விருப்பப் பட்டியலில் போட்டு வைக்க வேண்டியது. வாங்கக் கூடாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டியலை டிவியில் விரித்துப் போட்டுச் சண்டை போட வேண்டியது. சண்டையில் ஜெயித்த ஒன்றை மட்டும் வாங்க வேண்டியது.

அவளுக்கு, சமையலறையில் நின்று இரண்டு பேர் மெதுவாகப் பேசும் படங்கள் வேண்டும். அவருக்குப் பாலம் கட்டுவது, கப்பல் இறக்குவது, மலையில் சுரங்கம் குடைவது வேண்டும்.

"காசு குடுத்து சிமெண்ட் காயறதைப் பாக்கணுமா?" என்பாள்.

"உன் படத்துல அந்தம்மா அழுது முடிக்கறதுக்குள்ள என் படத்துல ஒரு பாலமே நின்னுடும்" என்பார்.

வாங்கும் படத்தைவிட அந்தச் சண்டைதான் ருசி. பல மாதங்கள் எதையும் வாங்காமலே சிரித்து எழுந்ததுண்டு. பட்டியலில் கிடந்த பாதி ஆசைகள் அடுத்த மாதம் பார்க்கும்போது தாமாகவே வாடிப்போயிருக்கும். விருப்பப் பட்டியல் என்பது அந்த வீட்டில் ஆசையைக் கொஞ்ச நாள் உட்காரவைத்துப் பார்க்கும் திண்ணை. கடைக்காரன் அதை எதற்காக வைத்தானோ, இவர்கள் இதற்காக வைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். பெரிய கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன். கிடங்கைப் பூட்டிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை அக்கா வீடு. ஒரு பையும், அக்குளில் இடுக்கிய தன் சொந்தத் தலையணையுமாக வந்து நின்றான்.

"தலகாணி எதுக்குடா? எங்க வீட்டுல இல்லையா?" என்றாள் அக்கா.

"உங்க வீட்டுத் தலகாணி மாமா மாதிரிக்கா. தலையை வச்சா வச்ச இடத்துலயே கெட்டியா நிக்கும்."

மாமா சிரிக்கவில்லை. அவனைப் பிடிக்காது என்றில்லை. கூடத்தில் படுத்தான், பாத்திரம் கழுவினான், காலையில் எழுந்து வேலை தேடிப் போனான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டியலுக்குள் கை வைத்தான். அவனுக்கு அடிதடிப் படங்கள் வேண்டும். கண்ணாடி உடைய வேண்டும், ஆள் பறக்க வேண்டும், நாயகன் சட்டை கிழிந்த பிறகுதான் சண்டையே தொடங்க வேண்டும். "அக்கா, நானும் ஆசைப்பட்டதைப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டான். அவள் "போட்டுக்கோடா" என்றாள். அவன் போட்டுக்கொண்டே போனான். பாலமும் கப்பலும் அடிதடிக்குக் கீழே புதைந்துபோயின.

முகத்துக்கு நேரே சொல்ல மெக்கானிக்குக்கு வாய் வரவில்லை. வேலையில்லாமல் வந்து நிற்பவனிடம், நீ ஆசைப்படுவதுகூட எனக்கு இடைஞ்சல் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே செய்தார். தேநீர் இடைவேளையில், லிஃப்டை இழுக்கும் இயந்திரம் இருக்கும் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து, போனை எடுத்துப் பட்டியலைத் திறப்பார். அடிதடிப் படமாகப் பார்த்து 'நீக்கு' என்பதைத் தட்டுவார். போனைப் பையில் போடுவார். நாளுக்கு ஒன்று. ஒரேயடியாகத் துடைத்தால் பையனுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? திருட்டுப் பூனை மாதிரி நடந்துகொள்கிறோம் என்று அவருக்கே உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. டீ சூடாக இருந்ததால் உறுத்தல் அதோடு இறங்கிவிட்டது.

அந்த மாதக் கடைசியில், காலையில் டப்பா கட்டிக்கொண்டிருந்த மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கையில் போன்.

"என்னங்க, நாம இந்த மாசம் எதுவுமே எடுக்கலையே?"

"இல்லையே. ஞாயித்துக்கிழமைதானே சண்டையே."

"அப்ப இது என்ன?" என்று பேங்க் செய்திகளைக் காட்டினாள். படக்கடை, படக்கடை, படக்கடை என்று வரிசையாக இறங்கியிருந்தது. மருந்துக் கடையில் கூட்டம், செய்தியைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை, இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள்.

டிவியைப் போட்டுப் பார்த்தார்கள். வாங்கிய படங்கள் என்ற இடத்தில் சட்டை கிழிந்த ஆண்களாக நின்றார்கள். ஒருவன் கையில் கோடாரி, ஒருவன் கையில் சங்கிலி. 'சுறாவும் சுத்தியலும்' என்று ஒரு படம். அதில் சுறாவின் கண்ணும் நாயகன் கண்ணும் ஒரே சிவப்பு. ஒவ்வொன்றின் கீழும் 'பார்த்து முடித்தது' என்று கோடு ஓடியிருந்தது.

தம்பி அந்நேரம் வீட்டில் இல்லை. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று விடிந்ததும் கிளம்பிப் போயிருந்தான்.

"வேற யாரு?" என்றார் மெக்கானிக். "நானா சுறாவை வாங்குவேன்? உன் தம்பிதான்."

அவள் முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது. "அவன் வாய் அடிப்பானே தவிர கை நீட்டமாட்டான்ங்க."

"கோடு ஓடியிருக்கே, பாத்து முடிச்சிருக்கானே. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அவள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

"அவன்தான்னா நானே அவன் பையைத் தூக்கி வெளியில வைக்கறேன். திருடற கைக்கு என் வீட்டுல சோறு கிடையாது. ஆனா நிச்சயமா தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க. எனக்கு இருக்கறது ஒரே தம்பி. தப்பா சொல்லி அனுப்பிட்டா, அப்புறம் அவன் இந்த வாசப்படியை மிதிக்கவே மாட்டான். நானும் உங்களை மன்னிக்கமாட்டேன்."

கடைசி வரியை அவள் சத்தமில்லாமல்தான் சொன்னாள். மெக்கானிக்கின் காதில் அது வேலைக்குப் போகும் வழியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

பிற்பகலில் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து படக்கடையின் உதவி எண்ணைத் தேடினார். வாங்கும் பொத்தான் எல்லாப் பக்கத்திலும் மஞ்சளாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. உதவி எண் எறும்பு எழுத்தில், சாம்பல் நிறத்தில், எங்கோ ஒரு மூலையில் பதுங்கியிருந்தது. பாட்டுக் கேட்டு, எண் அமுக்கி, மறுபடி பாட்டுக் கேட்டு, ஒருவழியாக ஒரு பெண் குரல் வந்தது. சர்க்கரைப் பாகில் ஊறிய குரல்.

"சொல்லுங்க சார், உங்களுக்கு எப்படி உதவலாம்?"

விஷயத்தைச் சொன்னார். "எங்க வீட்டு டிவியில இருந்துதான் வாங்கியிருக்காங்கன்னு எனக்கு நிச்சயமா தெரியணும்மா. ஒருத்தன் வாழ்க்கை விஷயம்."

"பார்த்துச் சொல்றேன் சார்... டிவியில இருந்து எதுவும் வாங்கலையே சார். எல்லாமே கைபேசியில இருந்துதான் வாங்கியிருக்கீங்க. நீங்க இப்ப பேசறீங்களே, இதே நம்பர் போட்ட கைபேசி."

"என் போனா? அது என் சட்டைப் பையை விட்டு இறங்கறதே கிடையாதும்மா."

"எல்லாமே பகல்ல சார். காலையில பதினொரு மணி வாக்குல."

அது டீ நேரம்.

"சரிம்மா, தெரியாம வாங்கினதுதான். திருப்பி எடுத்துக்கோங்க."

"மன்னிக்கணும் சார், முழுசா பார்த்த படங்களைத் திருப்ப முடியாது. வேற ஏதாவது உதவி வேணுமா சார்? இந்த அழைப்பு உங்களுக்குத் திருப்தியா இருந்துதா?"

"நல்லா இருந்துதும்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தார்.

கால் நீட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வயர்மேன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "யோவ் ரெண்டு தட்டு, நீ தினமும் டீ குடிக்கும்போது போன்ல ஒரு பூஜை பண்ணுவியே, அதை என் கண்ணு முன்னாடி ஒருதரம் பண்ணு பாக்கலாம்."

"அழிக்கத்தான்யா செய்வேன். வாங்கறதுக்கு நேர் எதிர் வேலை அது."

"பண்ணுய்யா."

பட்டியலைத் திறந்தார். ஒருவன் வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டிருந்தான். அவனுக்கு நேராக இருந்த 'நீக்கு' என்பதைத் தட்டினார். வழக்கம்போல் இரண்டு தட்டு. அடியில் ஏதோ மின்னி மறைந்தது. போனைப் பையில் போடப் போனார்.

"இரு இரு, அந்த மின்னல் என்ன?" என்று வயர்மேன் கையைப் பிடித்தார்.

"யாருக்குத் தெரியும்? அது எப்பவும் மின்னும்."

வாங்கிய படங்களைத் திறந்தார்கள். புதிதாக ஒருவன் வந்து நின்றான். இரண்டு கையிலும் ரம்பம்.

வயர்மேன் சிரிக்கத் தொடங்கினார். கேபிள் சுருளின் மேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி! வேண்டாம்னு சொல்லிச் சொல்லியே கடையைக் காலி பண்ணியிருக்கியேய்யா!"

மெக்கானிக் சிரிக்கவில்லை. இந்தத் தடவை இன்னொரு படத்தை எடுத்து, ஒரே ஒரு தட்டு தட்டி, விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழுதடைந்த கண்ட்ரோல் பெட்டியைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். 'நீக்கு' போனது. அது போன அதே பள்ளத்தில், அதே விரலுக்கு அடியில், மஞ்சள் பொத்தான் ஒன்று நழுவி வந்து உட்கார்ந்தது. 'நீக்கிவிட்டோம்! இதற்குப் பதில் இது பிடிக்குமே? உடனே வாங்கு.' மேலே அதே ஜாதிப் படம் ஒன்று. பொத்தான்மேல் கை பட்டால் போதும், வாங்கியாகிவிட்டது. நிச்சயமா என்று கேட்பதில்லை. கடவு எண் கேட்பதில்லை. அட்டைதான் ஏற்கெனவே கடைக்காரன் பிடியில் இருக்கிறதே.

அவர் போனைத் தரையில் வைத்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கோபம் என்றால் அவருக்குத் தெரியும், கத்தித் தீர்த்துவிடலாம். இது எச்சில் தட்டில் கை வைத்துவிட்டாற்போன்ற அருவருப்பு. எவனோ ஒருவன் எங்கோ ஒரு குளுகுளு அறையில் உட்கார்ந்து, மனுஷ விரல் எங்கே போகும், போன பிறகு எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கும், இன்னொரு முறை எப்போது தட்டும் என்று அளந்து பார்த்து, அந்த இடத்தில் பொத்தானைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். கை பழகிய இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. மெக்கானிக் அதை ஆளைக் காப்பாற்றக் கற்றார். அவன் பையை அறுக்கக் கற்றிருக்கிறான்.

"லிஃப்ட்ல நான் இப்படி ஒரு பட்டன் வச்சா?" என்றார். "கதவைத் திறன்னு அமுக்கினவனை, திறக்காம மாடிக்குக் கொண்டுபோனா? என்னைப் பிடிச்சு உள்ள போடமாட்டாங்க? இவனுக்கு மாலை போடறாங்க. சீ!"

"சரி, ஒரே தட்டுல வாங்கற அந்த வசதியை நிறுத்தித் தொலை" என்றார் வயர்மேன்.

நிறுத்தும் இடத்தைத் தேடினார்கள். கணக்கு, அதற்குள் விருப்பங்கள், அதற்குள் வசதிகள், அதற்குள் மேலும் என்று குழிக்குள் இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. கடைசியில் கிடைத்தது. அமுக்கினால், நிச்சயமாகவா என்றது. நிச்சயம் என்றால், வேகமான வசதியை இழக்கிறீர்களே என்று வருத்தப்பட்டது. பரவாயில்லை என்றால், ஏன் என்று காரணம் கேட்டது. காரணங்களில் 'நீங்கள் செய்வது அயோக்கியத்தனம்' என்பது இல்லை. 'மற்றவை' என்பதைத் தட்டினார்.

"பாத்தியாய்யா? வாங்கும்போது வாயைத் திறக்கல. நிறுத்தறேன்னா மட்டும் மாமியார் மாதிரி கேள்வி கேக்குது" என்றார் வயர்மேன்.

மெக்கானிக் எழுந்துவிட்டார். மனைவியைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மருந்துக் கடையில் கேட்டால் தலைவலி என்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மீதி வேலையை வயர்மேனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

வீட்டு வாசலில் பை இருந்தது. அதன்மேல் தலையணை இருந்தது.

உள்ளே மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். தம்பி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். வேலை கேட்கப் போகும்போது போட்ட இஸ்திரிச் சட்டை இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது. இவரைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. நான் திருடினேன்னு சொன்னீங்களா?"

"நான் எப்படியும் சாயங்காலம் கேக்கத்தான் இருந்தேன்" என்றாள் மனைவி, அவர் பக்கம் திரும்பாமல். "நேரத்தோட வந்துட்டான், கேட்டுட்டேன். வாங்கலங்கறான். ஆனா பாத்தேன்னு ஒத்துக்கறான்."

"பாத்தேன், இல்லன்னு சொல்லலையே" என்றான் தம்பி. "மாமா வாங்கினாருன்னு பாத்தேன்."

"நானா?" என்றார் மெக்கானிக்.

"ஆமா. நான் போட்டு வச்சது ஒண்ணொண்ணா பட்டியல்ல இருந்து காணாமப் போகுது, அந்த மாதிரியே இன்னொண்ணு வாங்கின இடத்துல வந்து நிக்குது. நான் கேட்டது வேற, வந்தது வேற. மாமாவுக்கு இந்தப் படமெல்லாம் தெரியாதே, பேரு மாத்தி வாங்கிட்டாரு போலன்னு நினைச்சேன். வேலையில்லாம இருக்கானே பையன், பாத்துட்டுப் போகட்டும்னு சொல்லாம கொள்ளாம வாங்கிக் குடுக்கறாரு, நாம வாயைத் திறந்து நன்றி சொன்னா கூச்சப்படுவாருன்னு சும்மா இருந்தேன்." அவன் டிவியைக் காட்டினான். "அந்தச் சுறாப் படம் சகிக்கல மாமா. பாதியில எழுந்திருக்கலாம்னு இருந்துது. நீங்க ஆசையா வாங்கினதுன்னு கடைசிவரைக்கும் பாத்தேன்."

மனைவி இப்போதுதான் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் ஏதோ ஒன்று இளகியது. அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைத்துனனுக்கு ரகசியமாய்ப் படம் வாங்கிக் கொடுத்த நல்ல மாமா. காலையில் ஏன் அவனைச் சொன்னீர்கள் என்று கேட்டால் விளையாட்டுக்கு என்று பூசி மெழுகிவிடலாம். பை உள்ளே வந்துவிடும். எல்லாம் நேராகிவிடும்.

வார்த்தை நாக்குவரைக்கும் வந்தது. வந்த வேகத்திலேயே அதன் நாற்றம் அவருக்குப் பிடிபட்டது. வேண்டாம் என்று எழுதி வைத்து வாங்கு என்று வேலை செய்யும் பொத்தானுக்கும் இப்போது தன் வாய்க்கும் என்ன வித்தியாசம்?

"நான் வாங்கல மாப்ள" என்றார். "அழிச்சேன்."

"என்னது?"

"நீ ஆசைப்பட்டுப் போட்டதையெல்லாம் தினமும் ஒண்ணா அழிச்சேன். எனக்கு இடைஞ்சலா இருந்துது. உன்கிட்ட சொல்லத் தைரியமில்ல. அழிக்கற இடத்துலயே அந்தக் கடைக்காரன் வாங்கற பட்டனைக் கொண்டுவந்து வச்சிருக்கான். என் கை ரெண்டு தட்டு தட்டும், உனக்குத் தெரியுமே. முதல் தட்டுல உன் படம் போச்சு, ரெண்டாவது தட்டுல உன் அக்கா காசு போச்சு. அது தெரியாம உன்னைத் திருடன்னு சொல்லிட்டேன்."

மனைவி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அப்ப கை நீட்டினது யாரு?" என்றாள் மனைவி. "அவன் ஆசைப்பட்டதுகூடவா உங்களுக்கு இடத்தை அடைச்சுது?"

கடைக்காரன்மேல் பழியைப் போட்டால் கேட்டுக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். பொத்தான் நழுவுவதைப் போனில் அவளுக்குக் காட்டவேண்டும் என்றும் நினைத்திருந்தார். காட்டவில்லை. கடைக்காரன் அயோக்கியன், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் தட்டை அவன் தட்டச் சொல்லவில்லையே.

தம்பி வாசல் பக்கம் நடந்தான். தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கினான். பையின் வாரைப் பிடித்தான். தூக்கவில்லை.

"எதையெல்லாம் அழிச்சீங்க மாமா?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. "படிச்சுப் பாக்கல" என்றார். அதைச் சொல்வதுதான் அன்று அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"படிக்காமலே அழிச்சீங்களா?" தம்பிக்குச் சிரிப்பு வந்ததா, வேறேதாவது வந்ததா என்று தெரியவில்லை. "கேட்டுட்டு அழிச்சிருந்தா நானே பாதியை அழிச்சிருப்பேன். பாதி சும்மா போட்டதுதான். கிடங்குல கூட வேலை பார்த்தவங்க பேசிப்பாங்க, இந்தப் படம் பார்த்தியா, அந்தப் படம் பார்த்தியான்னு. நான் பார்க்கலன்னு சொல்லக் கூச்சமா இருக்கும். அதான் பேரைக் கேக்கக் கேக்க போட்டு வச்சேன். இப்ப அவங்கெல்லாம் எங்க இருக்காங்கன்னே தெரியல."

மெக்கானிக் போனை எடுத்தார். வாசற்படியில், பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொல்லு" என்றார்.

"என்ன சொல்ல?"

"அழிச்சதுல வேணுங்கறதைச் சொல்லு. திருப்பிப் போடறேன்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவன் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். ஒரு பெயரைச் சொன்னான். மெக்கானிக் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடினார். படம் வந்தது. கூடவே மஞ்சள் பொத்தானும் குதித்து முன்னால் வந்து நின்றது. இன்று மட்டும் விலை குறைவு என்றது. உங்களைப் போன்றவர்கள் இதையும் வாங்கினார்கள் என்றது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூக்கைப் பொத்திச் சாக்கடை தாண்டுபவர் மாதிரி விரலை உயர்த்தித் தாண்டி, விருப்பப் பட்டியலை ஒரே ஒரு தட்டுத் தட்டினார். விரல் மறுபடி இறங்கத் துடித்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"இதுல ஒரு ஃபோர்க்லிஃப்ட் சண்டை வருது மாமா. ஃபோர்க்லிஃப்ட்ல உக்காந்தவனை ஒருத்தன் துரத்துவான். அந்த வேகத்துல அது ஓடவே ஓடாது. எங்க கிடங்குல எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"லிஃப்ட் சண்டையும் அப்படித்தான். கயிறு அறுந்தா விழாது. கீழ ஒரு பூட்டு கவ்விப் பிடிச்சுக்கும். எந்தப் படத்துலயும் அதைக் காட்டமாட்டானுங்க."

"பிடிச்சுட்டா அப்புறம் படத்துக்கு என்ன வேலை?"

அடுத்த பெயர். அதற்கடுத்தது. சிலதைச் சொல்லத் தொடங்கிவிட்டு "அது வேண்டாம், சும்மா போட்டது" என்று அவனே தள்ளினான். போன் நடுநடுவே வாங்கு வாங்கு என்று அரித்துக்கொண்டே இருந்தது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் துப்ப வந்ததை விழுங்கினார். கை வலித்தது. கட்டிலில் குழந்தை புரண்டு விழாமல் பார்த்துக்கொள்பவர்போல் ஒரு விரலைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"போதும் மாமா" என்றான் தம்பி ஒரு கட்டத்தில். "மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. இன்னும் கோபம் ஆறாத குரல்.

"நாளைக்குத்தானே? அப்ப அந்தப் பையை நடுவழியில இருந்து எடுடா. வர்றவங்க போறவங்க தடுக்கி விழணுமா?"